மேட்டுக்காணி

"இரணைமடுவில இப்ப எத்தினை அடி?" மாரி தொடங்கிவிட்டால் கிளிநொச்சிச் சந்தையிலும் தேத்தண்ணிக் கடையிலும் இதுதான் கேள்வி. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்து நீரின் அந்த அடிக்கணக்கில்தான் இருக்கிறது.

வன்னியில் மலை இல்லை. வவுனியாப் பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும் நிலம், வடக்கே சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை கண்ணுக்குப் புலப்படாமல் சரிகிறது. அந்தச் சரிவில் வரும் கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் இரணைமடுக் குள வேலையைத் தொடங்கினார்கள். முப்பதுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். வாய்க்கால் போன இடமெல்லாம் வயல். தண்ணீர் ஏறாத இடம் மேட்டுக்காணி.

எங்கள் ஐயா வந்தது விசுவமடு மேட்டுக்காணிக்கு. சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்த எழுபதுகள் அவை. விசுவமடு, முத்தையன்கட்டு என்றாலே மிளகாய்தான். செத்தல் காய்கிற நாட்களில் முற்றம் முழுக்கச் சாக்கு விரித்திருக்கும். அம்மா குந்தியிருந்து வெளிறின சோடைக் காய்களைப் பொறுக்கி ஒதுக்குவா. விரல் நுனிகள் இரவிலும் எரியும். எங்களைத் தொட்டுத் தூக்கமாட்டா. மழை இருட்டினால் எல்லாவற்றையும் திண்ணையில் குவித்துவிட்டு, தும்மித் தும்மி அதன் பக்கத்திலேயே படுப்போம். போகம் சரிவந்தால் லொறி வாசலுக்கே வரும். தண்ணி இறைக்கிற மிசின் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தது. செத்தல் விலை விழுந்தது. அதே ஆண்டு தமிழருக்கு எதிரான கலவரத்தில் அடிபட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. வவுனியாவில் காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. இன்னும் பலர் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி இருந்தார்கள். எங்கள் கிணற்றைக் கிரவல் உடைத்து ஆழமாக்கியவர் மஸ்கெலியாக்காரர். வெட்டி ஏறி வந்து, தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தபடி சொல்லுவார்: "மலையில தண்ணியத் தேடிப் போகமாட்டோம்ங்க. அதுவா லயத்து வாசலுக்கு வரும்."

கொழுந்து பறித்த கைகள்தான் வன்னியில் பற்றை வெட்டின, நாற்று நட்டன, கதிர் அறுத்தன. நெல் எத்தனை மூடை என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம். 2009 இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்கால் வரை எங்களோடு நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது எங்களிடம் காணி உறுதி இருந்தது. அவர்களில் பலருக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

பிறகும் பேச்செல்லாம் குளத்தைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீர் கொடுப்பதா என்று ஆண்டுக்கணக்காகப் பிணக்கு, கமக்காரர் மறித்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தது. இதற்கிடையில் குளத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். 2018 டிசம்பரில் கதவுகள் திறந்தபோது கீழ்ப்பக்கம் வெள்ளக்காடு. தண்ணீர் கொடுக்க மறித்த கமக்காரரின் கோபத்தில் நியாயம் இருந்தது. சிறுபோகம் போனால் வருடத்தின் பாதி போய்விடும். ஆனால் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற மேட்டுக் கிராமங்களின் தண்ணீர்க் கவலையை அந்தக் கூட்டங்களில் யார் பேசினார்கள்? குளத்தில் பங்கு கேட்க அவர்களுக்கு வயலே இல்லை.

மஸ்கெலியாக்காரரின் பேத்தி இப்போது அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடியமுன் பஸ் வந்துவிடும். கோடையில் கிணறு வற்றினால் தண்ணீர் பவுசர் வருகிற நாளில் வீட்டில் ஒருவர் நிற்கவேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் வரவுக் கொடுப்பனவு வெட்டு. போன முறை கண்டபோது காணிப் பேர்மிட் விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டினாள். எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறீர்கள் என்ற இடத்தில் தாத்தா வந்த ஆண்டை எழுதியிருந்தாள். அதற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். எங்கள் கிணற்றை யார் வெட்டினார், எப்போது வெட்டினார் என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். பிரதேச செயலகத்தில் அது செல்லுமா என்று கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.