உப்பு கேட்ட லயத்துக்கு ஒரு மடல்

அன்புள்ள ரஹாங்கே,

இன்று சிரம்பானில் உன் பெயரைச் சொன்னால் கடைவரிசைக்கும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் வழி காட்டுவார்கள். நான் எழுதுவது உன் ஓரத்துத் தோட்டத்தில், ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே நீளமாக நின்ற பழைய தொழிலாளர் லயத்துக்கு. எழுத வைத்தது ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு. சிரம்பானில் சொந்தக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "அன்னிக்கு உங்கப்பா போட்ட அடிதாண்டா இன்னிக்கு உன்னை ஆளாக்கியிருக்கு" என்றார். பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக உன் வரவு என் அப்பாவின் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்தி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ரஹாங்கே, உன் லயத்து வீடுகளின் இடைச்சுவர் கூரையைத் தொடாது. பலகைக்கு மேலே இருந்த திறப்பு வழியாக ஒரு வீட்டுக் குழம்பு வாசமும் இருமலும் சண்டையும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்பாவின் குரல் ஏற ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவார்: "ஏ தாயி, உப்பு தீந்துபோச்சு, பையன்கிட்ட கொஞ்சம் குடுத்தனுப்பு." அம்மா உடனே என்னை வெளியே தள்ளுவாள். நான் தேங்காய்ச் சிரட்டையில் உப்போடு போவேன். பாட்டி என்னை உட்காரவைத்து, சத்தம் அடங்கும் வரை ஊர்க்கதை பேசுவார். எங்கள் வீட்டுப் பிரச்சினையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் வீட்டு அடுப்படியில் ஒரு ஜாடி நிறைய உப்பு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ரஹாங்கே, உன் ஆயாக் கொட்டகைக்கும் கடன்பட்டிருக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். நான் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பையன், எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் மத்தியானம் பள்ளி விட்டதும் ஆயா என்னைப் பிடித்துக்கொள்வார். "தொட்டில் ஆட்ட ஆள் இல்லடா, நில்லு" என்பார். கம்பத்தில் கட்டிய சேலைத் தொட்டில்களை ஒன்று மாற்றி ஒன்று ஆட்டுவேன், மைலோ மங்குகளைக் கழுவி வைப்பேன். ஒரு ஆம்பளைக் கை எவ்வளவு மெதுவாக அசையலாம் என்பதை என் வீட்டில் நான் பார்த்ததில்லை. அந்தத் தொட்டில்களில்தான் கற்றுக்கொண்டேன். பிற்பாடு என் மகளைத் தூக்கியபோது கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ரஹாங்கே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அடி ஒன்றும் தராமல் போகவில்லை. அப்பா சைக்கிள் ஸ்டாண்டைப் போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கள்ளா சம்சுச் சாராயமா என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது இன்னும் போகவில்லை. அலுவலகத்தில் யாருக்கு என்ன மனநிலை என்று வாசல் தாண்டுமுன் தெரிந்துவிடுகிறது. "ஆளை நல்லா எடைபோடுகிறார்" என்று மெச்சுகிறார்கள். மனைவி கதவைச் சாத்தினாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்வதை அவர்கள் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் தம் குழுவோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் அடி, குடி, அவமானம் என்று பிள்ளைப்பருவத்தில் பட்டவை கூடக்கூட, பெரியவர்களானபின் இதயநோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாவற்றுக்குமான ஆபத்தும் கூடுகிறது என்று அது சொன்னது. அடி ஆளாக்கும் என்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

ரஹாங்கே, அப்பாவை எனக்குப் புரியவைத்ததும் நீதான். தோட்டத்தில் தண்டலாக வேலை பார்த்த தாத்தா ஒருவர் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்க தாத்தாவ ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோயிட்டான்டா. உங்கப்பனுக்கு அப்பன்னா எப்படி இருப்பான்னு காட்ட ஆளே இல்ல." சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்தக் காட்டில் செத்தார்கள். திரும்பி வராதவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அப்பாவைப் பெற்ற பாட்டி வேறொருவரோடு குடும்பம் நடத்தப் போக, அப்பா சொந்தக்காரர் வீட்டு எச்சில் சோற்றில் வளர்ந்தார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடி விழுவது என் துடுக்குத்தனத்தால்தான் என்று நம்பிக்கொண்டிருந்த பையன் அன்றைக்கு ஒட்டுப்பால் கூடையோடு வீடு திரும்பும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

ரஹாங்கே, உன்னைப் போலவே ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த ஒரு தீவு ஹவாயில் உண்டு, கவாய் என்று பெயர். அன்று அங்கே கரும்பும் அன்னாசியும். 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ளவர்களாகத் தேறிவந்தார்கள். அவர்களிடம் வெர்னர் கண்டவற்றில் இரண்டு என்னை உலுக்கின. பெற்றோருக்கு வெளியே ஒரு பாட்டியோ ஆசிரியரோ அண்டைவீட்டாரோ அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இருந்தது. கோலாலம்பூரில் ஒரு நூலகத்தில் இதைப் படித்தபோது உப்புச் சிரட்டையும் சேலைத் தொட்டிலும் கண்முன் வந்துவிட்டன. உன் பாட்டிக்கும் ஆயாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தப் புத்தகத்தை அவர்களுக்குப் படித்துக்காட்ட முடியாமல் போனதுதான் என் குறை.

ரஹாங்கே, உன்னைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அம்மாவுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அவளுக்காக யாரும் உப்பு கேட்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று லயமே திரும்பிப் படுத்துக்கொண்டது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. அது நடக்காமலே போனதன் விலையை உன் பெண்கள் கொடுத்தார்கள். மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல்தான் நடப்புக்கு வந்தது. அம்மாவுக்கு அது மிகவும் பிந்திவிட்டது.

ரஹாங்கே, இப்போது உன் லயம் இல்லை, உன் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்துப் பையனின் கதையைத்தான் 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' படமாக எடுத்தார். அடுக்குமாடியில் சுவர் கூரை வரைக்கும் செங்கல். கதவுக்கு முன்னால் இரும்பு கிரில். ஆயாக் கொட்டகையும் கிடையாது. பையன்கள் அழுகிற சத்தம் மட்டும் எப்படியோ வெளியே கேட்டுவிடுகிறது.

ரஹாங்கே, உன் பேரப்பிள்ளைகளுக்கு என் சார்பில் ஒன்று சொல். பக்கத்து வீட்டில் சத்தம் ஏறினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு சாக்கை வைத்து அந்தப் பிள்ளையை வெளியே கூப்பிடட்டும். அம்மாவையும் சேர்த்துக் கூப்பிடட்டும். தாங்களே போகப் பயமாக இருந்தால் அரசாங்கத்தின் தாலியான் காசிஹ் உதவித் தொலைபேசி இருக்கிறது. எண் 15999, ராத்திரியிலும் எடுப்பார்கள்.