தீராந்தியின் நடுவில் ஒரு துளை

கிழக்கு லண்டனில் பெறாமகன் ஒரு வீடு வாங்கியிருக்கிறான். விக்டோரியா மகாராணி காலத்துத் தொடர்வீடு. சுவர் செங்கல், மாடித் தளம் மரம். உள்ளே கிடந்த வயர்களில் பாதி, இறப்பர் உறை போட்ட பழசு. விரல் பட்டதும் உறை பொரிந்து உதிர்ந்தது. முழுவதும் மாற்றத்தான் வேண்டும். அவனும் மின்வேலைப் பதிவு பெற்றவன்தான், விதியெல்லாம் பாடம். என்றாலும், "பெரியப்பா, ஒருக்கா வந்து பக்கத்திலை நில்லுங்கோ" என்றான். நாற்பது வருடம் இந்த ஊரில் வயர் இழுத்த முழங்கால்கள் இரண்டும் வேண்டாம் என்றன. போனேன்.

தரைப்பலகையைக் கிளப்பினால் கீழே வரிசையாக ஜொயிஸ்ட் மரங்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் தீராந்தி என்றே வைத்துக்கொள்வோம். இந்த வீட்டில் 2 அங்குல அகலம், 8 அங்குல ஆழம். அவற்றின் முதுகில் பழைய வெட்டுகள். ஒருகாலத்தில் எரிவாயு விளக்குக்குக் குழாய் போன வழி. குழாய் செத்து எத்தனையோ காலம். வெட்டு மட்டும் இருக்கிறது.

ஆள் நடக்கும்போது மரம் கொஞ்சம் வளையும். மேல்விளிம்பு நசுங்கும், கீழ்விளிம்பு இழுபடும். நடு உயரத்தில் இரண்டும் இல்லை. அங்கே துளை போட்டால் மரத்துக்கு நோவதில்லை. பனை வேறு சாதி. வைரம் வெளியே, சோற்றி நடுவே என்று மரமே அப்படி வளர்ந்திருக்கும். இந்தப் பைன் மரம் எங்கும் ஒன்றுதான், பாரம்தான் அப்படிப் பிரிகிறது. ஆனாலும் பனை அரியப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கணக்கும் உண்டு. துளையின் விட்டம் மர ஆழத்தில் கால்பங்கைத் தாண்டக்கூடாது. சுவரிலிருந்து மரத்தின் நீளத்தில் 0.25 முதல் 0.4 பங்குக்குள் இருக்கவேண்டும். 4 மீட்டர் மரமென்றால் 1 மீட்டருக்கும் 1.6 மீட்டருக்கும் இடையில். வயர் மேல்விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது கீழே கிடக்கவேண்டும், நாளைக்குப் பலகை அடிக்கிறவனின் ஆணி எட்டாதபடி. மேலே வெட்டுவதற்கும் அனுமதி இல்லாமலில்லை. ஆழத்தில் எட்டில் ஒருபங்கு, அதுவும் சுவர்ப்பக்கத்தில் மட்டும், மேலே இரும்புத் தகடு வைத்து.

எனக்கு இது 1989இல் தெரியாதா? தெரியும். ஒரு வீட்டில் மாலைக்குள் முடிக்கவேண்டியிருந்தது. தீராந்திகளுக்கிடையே சாதாரண டிரில் நுழையாது. சரித்துப் பிடித்தால் துளை கோணலாகி வயரின் தோலைச் சுரண்டும். வளைந்த தலை டிரில் என்னிடம் இல்லை. வாளை எடுத்து, அறையின் நட்டநடுவில், ஆறு மரத்தின் முதுகை வரிசையாக வெட்டினேன். அரை மணித்தியாலம். பலகையை மூடியதும் எவ்வளவு அழகு!

நாலு வருடம் கழித்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டா. மின்சாரத்தில் ஒரு குறையுமில்லை. நடந்தால் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கின்றன, என்னவென்று பார்க்க முடியுமா என்று கேட்டா. என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. அவவுக்கு இங்கிலாந்திலேயே தெரிந்த நல்ல மனிதன் நான்தானாம். ஒவ்வொரு தீராந்திக்கும் பக்கத்தில் புது மரம் வைத்து போல்ட் போட்டு இறுக்க ஒரு கிழமை பிடித்தது. காசு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று சொல்லவுமில்லை; அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சம்தான்.

பெறாமகனிடம் வளைந்த தலை டிரில் இருந்தது. ஆறு மரம் ஒழுங்காகப் போனது. ஏழாவதில் ஒரு பெரிய கணு. "மேலை ஒரு வெட்டு வெட்டினால் இருபது நிமிசம் மிச்சம், பெரியப்பா." கோப்பைக் கதையை அவனுக்கு நான் சொன்னதில்லை. அப்போது சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் துளைக்கும் ஊசியை மாற்றிக்கொண்டு திரும்பக் குனிந்தான். கணு புகைந்தது; அறை முழுக்கப் பிசின் மணம்.

பிறகு வயர் விட்டோம். இறுக்கி இழுக்கக்கூடாது, கொஞ்சம் தளர்வாகக் கிடக்கவேண்டும். நான் சுருளோடு இந்த முனை, அவன் பலகைக்குக் கீழே கையை விட்டபடி அந்த முனை.

"விடுங்கோ."

"விடுறன்."

சாம்பல் நிற வயர் ஏழாவது துளையில் தலை காட்டியது.