பால் போத்தலும் ஒரு பொய்யும்

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் ஞாயிறு இதழின் சுகாதாரப் பக்கம் பல வருடங்கள் என் பொறுப்பில் இருந்தது. இரவில் பல் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்று எத்தனை கட்டுரைகளைச் செம்மைப்படுத்தியிருப்பேன்! நாளாந்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே சீனியிலிருந்து பெறவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ஆலோசனையைச் செய்தியாக்கியவனும் நானே. பற்சூத்தையைப் பற்றி எல்லாம் அறிவேன் என்ற என் எண்ணத்தை உடைத்தவன் நான்கு வயதுப் பேரன்.

அவனுடைய மேல் முன்பற்கள் கபில நிறமாகி, ஓரங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. முதலில் சென்ற கிளினிக்கில், "படித்தவர்கள் நீங்களே இப்படியா?" என்று பலர் முன்னிலையில் கண்டித்தார்கள். தவறு எங்களுடையதுதான். ஆயினும் அடுத்த தவணைக்கு நாங்கள் போகவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து, வலியால் அவன் உறங்காத ஓர் இரவுக்குப் பின்னரே வேறோர் இடத்துக்குச் சென்றோம். "இரவில் போத்தல் கொடுப்பதுண்டா?" என்று கேட்டபோது, "இல்லை" என்றேன். சீனி கலந்த பால் போத்தலின்றி அவன் ஒருநாளும் உறங்கியதில்லை.

அந்தப் பெண் சிகிச்சையாளர் வாதாடவில்லை. "பிள்ளையை உறங்கவைப்பது யார், ஐயா?" என்று மட்டும் கேட்டார். மகளுக்கு இரவுக் கடமை. முழங்கால் நோவுடன் அவனைத் தூக்கித் தாலாட்ட அம்மம்மாவால் இயலாது. போத்தல் ஒன்றே வழி. உண்மை தானாக வெளிவந்தது.

உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், சீனியிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பற்களிலேயே தங்கிவிடும் என்று அவர் விளக்கினார். முதலில் சீனியை நிறுத்தவும், பின்னர் பாலில் சிறிது சிறிதாக நீரைக் கூட்டி, இறுதியில் வெறும் நீராக்கவும் சொன்னார். புளோரைட்டுப் பற்பசையைப் பட்டாணியளவு எடுத்து, ஏழெட்டு வயதுவரை பெரியவர்களே துலக்கிவிட வேண்டும் என்றார்.

ஆறு வாரங்களில் பால் போத்தல் நின்றது. இரண்டு பற்களை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

ஆலோசனையைக் கடைப்பிடிக்காதவர்களை அலட்சியக்காரர் என்று நானும் எழுதியதுண்டு. அவர்களில் எத்தனை பேர் வெட்கத்தால் திரும்பி வராதவர்களோ? வீட்டு நிலைமையைக் கேளாமல் சொல்லும் அறிவுரை, எங்கள் வீட்டில் பொய்யைத்தான் வளர்த்தது.