இரண்டாம் டிகாக்ஷன்

எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டையைப் பச்சையாகத்தான் வாங்குவார்கள். கும்பகோணம் கடைத்தெருவிலிருந்து தாத்தா பீபரியும் பிளாண்டேஷன் ஏயும் சரிபாதியாக வாங்கி வருவார். கொல்லையில் குமுட்டி மூட்டி, கைப்பிடி வைத்த இரும்பு உருளையில் பாட்டி வறுப்பாள். சுற்றுவது என் வேலை. பச்சை வெளுத்து, மஞ்சளாகி, பழுப்பேறி, கொட்டை படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் பாட்டியின் குரல் உயரும்: "கையை நிறுத்தாதடா, கருகினா தாத்தா வாயில வைக்க மாட்டார்." பதம் வந்ததும் முறத்தில் கொட்டி விசிறுவாள். யார் வீட்டில் வறுக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

விடியற்காலையில் பித்தளை பில்டரின் மேலடுக்கில் பொடியைப் போட்டு அமுக்கி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி மூடுவாள். சீக்கிரம் இறங்கட்டும் என்று பில்டரைத் தட்டினால் கையில் ஒரு அடி விழும். முதலில் இறங்கும் கெட்டி டிகாக்ஷன் தாத்தாவுக்கு. அப்போதுதான் கறந்து காய்ச்சிய பாலில் கலந்து, டவராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றி, நுரை ததும்பக் கொண்டுபோய் வைப்பாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "கள்ளிச்சொட்டா இருக்கு" என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காப்பிக்கு அதற்கு மேல் பட்டம் கிடையாது. பெண் பார்த்துவிட்டு வந்தால், பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வீட்டுக் காப்பியைப் பற்றித்தான் பேசுவார். தண்ணிக் காப்பி கொடுத்த வீட்டின் மரியாதை அன்றோடு சரி.

அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது இரண்டாம் டிகாக்ஷன். வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான். வயல் வேலைக்கு வருகிறவருக்கு அதிலும் கடைசி மிச்சம். எரவாணத்தில் செருகியிருக்கும் அலுமினியக் குவளையை அவரே எடுத்து நீட்டுவார். பாட்டி தூக்கி ஊற்றுவாள். சூடு தாங்காமல் துண்டால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடிப்பார்.

"அவருக்கு டவரா இல்லையா பாட்டி?"

"அவனுக்கு அது போதும். உள்ளே போடா."

இதையெல்லாம் பரம்பரை வழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் தாத்தாவின் தாத்தா நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காப்பி நம் வீடுகளில் பரவியது. உடம்பைக் கெடுக்கும், பழைய சோற்றை ஒழிக்கும் என்று அதைக் கரித்துக் கொட்டியவர்கள் அன்று உண்டு. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் அந்தக் கதையைச் சொல்கிறது. நேற்று வந்த பானம் ஓரிரு தலைமுறைக்குள் எங்கள் ஊரின் பெருமையாகிவிட்டது. யாருக்கு எதில் ஊற்றுவது என்ற பழைய கணக்கும் அதில் கலந்துவிட்டது.

இன்று நெடுஞ்சாலைகளில் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று வரிசையாகப் பலகைகள். லாரி ஓட்டுகிறவருக்கும் காரில் வந்து இறங்குகிறவருக்கும் ஒரே பித்தளை டவராதான். பாட்டி போட்ட காப்பியின் பக்கத்தில்கூட அது வராது. டவரா விஷயத்தில் மட்டும் அந்தக் கடைக்காரர்கள் பாட்டியைவிட மேல்.