மன்னிக்கும் உரிமை யாருக்கு?

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் பகுத்தறிவாளர் நகைப்பது வழக்கம். ஏவாள் சுவைத்த கனிக்கு ஏழேழு தலைமுறையும் ஏன் தண்டனை பெறவேண்டும்? கன்னி கருவுற்றது எங்ஙனம்? கல்லறையை விட்டு எழுந்தவர் கண்ணுக்கெட்டா வானத்துக்குப் போனது எவ்வழி? இப்படிக் கேட்டால் கூட்டத்திலே கையொலி கிடைக்கும். நாமும் கேட்டிருக்கிறோம், கையொலியும் பெற்றிருக்கிறோம். ஆனால், தோழர்களே, அவை எளிய கேள்விகள். "நம்பிக்கை" என்ற ஒரே சொல்லால் கதவைச் சாத்திவிட்டு அப்பால் போய்விட முடியும் அவர்களால். இன்று நாம் பேச விரும்புவது அந்தக் கதவுக்கு உள்ளே நடைபெறும் ஒரு கணக்கைப்பற்றி. பாவம் செய்தவன் ஒருவன். மன்னிக்கும் ஆண்டவன் ஒருவன். இருவருக்கும் நடுவே குருதி சிந்திய ஏசு ஒருவர். மூவரும் கூடிக் கணக்கை முடிக்கிறார்கள். நாலாமவன் ஒருவன் உண்டே, அடிபட்டவன், பறிகொடுத்தவன், பதைத்தவன்! அவன் எங்கே? அவனை யார் கேட்டார்கள்?

நாம் பட்டம் பெற்றது ஒரு கிறித்தவக் கல்லூரியில். மூன்றாண்டுக் காலம், காலை வழிபாட்டு மணி நமது செவியிலும் ஒலித்தது. வரலாற்று மாணவன் என்ற முறையில் வேதாகமத்தை விரும்பியே படித்தோம். ஆகவே, பழிக்கவேண்டும் என்ற பரபரப்பு நமக்கில்லை. ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். எல்லாரும் பாவிகள் என்கிறது அந்தச் சமயம். நமக்கு அது உடன்பாடன்று. எனினும், பிறப்பினாலேயே தூயவன் என்று மார்தட்டிக்கொண்டு ஒருவனும் அந்தக் கோயிலுக்குள் நுழைய அந்தக் கொள்கை இடந்தரவில்லை. மனுநூலைப் புரட்டிப் பாருங்கள்: குற்றம் ஒன்று, குலத்துக்கொரு தண்டனை! அந்த நூல் ஆண்ட மண்ணிலே, மன்னனும் மாடு மேய்ப்பவனும் ஒரே வரிசையில் மண்டியிடவேண்டும் என்ற சொல், தாழ்த்தப்பட்டவன் காதுக்குத் தேனாக இனித்ததில் வியப்பென்ன?

இனி, கணக்குக்கு வருவோம். ஏசுவின் மரணம் எப்படி மற்றவர் பாவத்தைத் தீர்க்கும் என்பதற்கு மேலைநாட்டுத் திருச்சபையில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற விளக்கம், கேண்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் தந்தது. கடவுள் ஏன் மனிதரானார் என்ற அவரது நூல் 1098-இல் முடிந்தது. மனிதன் பாவத்தால் கடவுளின் மாண்பைக் குலைத்துவிட்டான். அந்தக் கடன் அளவற்றது. தீர்க்கவேண்டியவன் மனிதன், தீர்க்க வல்லவரோ கடவுள் ஒருவரே. எனவே கடவுளே மனிதராகி வந்து கடனைத் தீர்த்தார். கூரிய அறிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், கடன் யாருக்கு என்று கவனித்தீர்களா? கடவுளுக்கு! பிற்காலத்தில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டை ஜெர்மனியில் கூவிக் கூவி விற்றார்கள். வந்த பணத்தில் ரோமாபுரியிலே பேதுரு பெருங்கோயில் எழும்பிற்று. 1517-இல் மார்ட்டின் லூதர் சீறினார். சீட்டு வணிகம் பிறகு சரிந்தது. கணக்கின் அமைப்பு மாறிற்றா? பாவியும் ஆண்டவனும் மட்டுமே அமர்ந்திருக்கும் அறையில் நாலாமவனுக்கு ஓர் இருக்கை போடப்படவில்லை.

"மீட்பு" என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். அடகுக்கடையில் கிடக்கும் தாலிக்கொடியை மீட்கிறோமே, அதே சொல். மூல கிரேக்கச் சொல்லும் இப்படிப்பட்டதுதான். அடிமையை விலை கொடுத்து விடுவிப்பதை அந்நாளில் அச்சொல் குறித்தது. அடிமைச் சந்தையின் சொல் ஆலயத்திற்குள் வந்தது. அந்த ஆலயத்தில் மீட்புப் பெற்ற ஒருவர் மீண்டும் அடிமைச் சந்தைக்குப் போன கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

ஜான் நியூட்டன். லண்டனில் 1725-இல் பிறந்தவர். "அமேசிங் கிரேஸ்" என்ற உலகப் புகழ் பெற்ற பாடலை எழுதியவர். கல்லூரி வழிபாட்டில் அதை நாமும் பலமுறை கேட்டிருக்கிறோம். இசை உள்ளத்தை உருக்கும், உண்மை. கப்பல் தலைவரின் மகனான நியூட்டன் இளமையில் கட்டுக்கடங்காத முரடர். 1748 மார்ச் மாதம், அட்லாண்டிக் கடலில் புயல். கப்பல் உடைந்து நீர் புகுந்தது. சாவு கண்முன் நின்றது. அன்று ஆண்டவனை அழைத்தார், பிழைத்தார். அந்த நாளைத் தமது வாழ்வின் திருப்பமாகக் கடைசிவரை போற்றினார்.

பிறகு என்ன செய்தார்? அதே ஆண்டில் அடிமைக் கப்பலொன்றில் துணை அதிகாரியாக ஏறினார்! 1750 முதல் 1754 வரை கப்பல் தலைவராகவே மூன்று பயணம். ஆப்பிரிக்கக் கரையில் ஆணையும் பெண்ணையும் வாங்கி, அடித்தளத்தில் அடைத்து, விலங்கிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். மேலே தோத்திரம், கீழே துடிதுடிப்பு. இடையே இருந்தது ஒரு பலகை. 1752-இல், அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள் என்ற ஐயம் வந்தபோது, சிறுவர்களைப் பிடித்துக் கட்டைவிரலை நசுக்கும் திருகுப்பொறியில் மாட்டி உண்மையைக் கக்கச் செய்ததை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அப்பணியை அவர் விட்டது மனச்சான்று குத்தியதால் அன்று. 1754-இல் உடல்நலம் கெட்டதால். 1764-இல் ஓல்னி என்னும் ஊரில் குருவானார். 1773 புத்தாண்டு நாளுக்காக அந்தப் பாடலை இயற்றினார். 1779-இல் அது அச்சேறிற்று. அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டதோ 1788-இல்! அதில் தமது ஒப்புதல் காலங்கடந்தது என்று அவரே சொல்கிறார். அந்த வணிகத்துக்குக் கருவியாக இருந்ததை எண்ணும்போதெல்லாம் நாணுவதாகவும் எழுதுகிறார்.

நியாயமாகப் பேசுவோம். புயலடித்த நாளில் தாம் முழு விசுவாசி ஆகிவிடவில்லை என்று நியூட்டனே பின்னாளில் எழுதினார். 1788-க்குப் பின் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சி சொன்னார். தம்மைத் தேடிவந்த இளைஞர் வில்பர்ஃபோர்ஸை அரசியலை விட்டு ஓடாதிருக்கச் செய்தவரும் அவரே. அடிமை வணிகத் தடைச்சட்டம் 1807-இல் நிறைவேறியதைக் கண்டுவிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கண்மூடினார். தன்னலமியல்லர், போலியுமல்லர். ஆகையினால்தான் அவரை எடுத்துக்கொண்டோம். போலிகளை வைத்து ஒரு கொள்கையை எடைபோடுவது முறையாகாது. உண்மையாகவே உருகிய ஒருவரின் உள்ளத்தில், கடவுளோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற ஆறுதல் புகுந்தபிறகு, விலங்கில் கிடந்தவனின் கணக்கு நினைவுக்கு வர 40 ஆண்டுகள் ஆயின என்பதே நமது கேள்வி.

கல்லூரித் தோழர் ஒருவரிடம், குருத்துவம் பயிலச் சென்றவர் அவர், இதைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளையை அடித்தால் பெற்றவனுக்கு வலிக்காதா? ஒவ்வொரு மனிதனும் கடவுளின் பிள்ளை. ஒவ்வொரு பாவத்திலும் அடிபடுபவர் கடவுளும்தானே?" என்றார். நல்ல விடை. நாம் தாவீதை நினைவூட்டினோம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசன், பிறகு பாடியதாகச் சொல்லப்படும் 51-ஆம் சங்கீதத்தில், ஆண்டவனுக்கு ஒருவருக்கே தான் குற்றம் செய்ததாகக் கூறுகிறான். உரியாவுக்கு? பத்சேபாளுக்கு? தந்தைக்கு வலிக்கும்தான், அதற்காகப் பிள்ளையின் புண்ணுக்குத் தந்தையே மருந்து போட்டுக்கொண்டால் புண் ஆறுமா? தோழர் சிரித்தார், சற்று நேரம் பேசவில்லை. பிறகு வேதாகமத்தை எடுத்து நமக்கே ஒரு படைக்கலம் தந்தார். அவரது நேர்மையை இங்கே குறிப்பிடுவது கடமை.

அவர் காட்டியது மத்தேயு 5-ஆம் அதிகாரம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது, உன்மேல் குறையுள்ள உடன்பிறப்பு ஒருவன் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் அவனிடம் போய்ச் சமாதானம் செய்துகொள் என்கிறார் ஏசு. அடுத்து லூக்கா 19. வரி தண்டும் சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவனிடமேனும் வஞ்சித்து வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்புவதாகவும் அறிவிக்கிறான். அதன் பிறகே, இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் ஏசு. அவர் யூதர் என்பதை மறவாதீர்கள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலில், யோமா என்ற பகுதி தெளிவாகச் சொல்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ள பாவத்தைப் பாவநிவாரண நாள் நீக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ளதை, பாதிக்கப்பட்டவனை அமைதிப்படுத்தும்வரை அந்த நாளும் நீக்காது. நாலாமவனுக்கு இருக்கை போட்ட அறையும் உலகில் இருந்திருக்கிறது!

அந்த இருக்கையை அகற்றியது ஏன்? காரணம் தேட ரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. நாம் ஆசிரியப் பணியாற்றும் ஊரிலே, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சேரிப் பிள்ளையின் பேனாவை எடுத்துக்கொண்டான். பிடிபட்டதும் நம்மிடம் வந்து அழுதான். "மன்னித்துவிடுங்கள் ஐயா" என்றான். பேனா நம்முடையதன்று, உரியவனிடம் போ என்றோம். அழுகை சட்டென நின்றது. "நூறு தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் ஐயா, அவனிடம் போய் நிற்கமாட்டேன்." பன்னிரண்டு வயது! ஆசிரியன் காலில் விழ அவனுக்குத் தடையில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையின் முன் நிமிர்ந்து நின்று ஒரு சொல் சொல்லக் கால் வரவில்லை. மேலே இருப்பவனிடம் மன்னிப்புக் கேட்டால் மானம் போவதில்லை. மிதிக்கப்பட்டவனிடம் கேட்டால், மிதித்த கால் உயர்ந்தது என்ற எண்ணமே போய்விடும். மூன்றாம் நாள் அவன் போனான். "மன்னித்துக்கொள்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மற்றவன் கை நீட்டினான்: "முதலில் பேனாவைக் கொடு."

பெரியவர்கள் அந்தப் பையனைவிட எவ்வகையில் மேல்? 1833-இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னாட்டுத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று ஆணையிட்டார். இருக்கை தனி, நற்கருணை பெறும் வரிசை தனி என்றிருந்த காலம் அது. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறித்தவர் பலர் கொதித்தெழுந்து சபையை விட்டே வெளியேறினர். தங்கள் பாவத்துக்காகச் சிந்தப்பட்ட குருதி என்று அவர்கள் நம்பிய பானம், கிண்ணத்தில்! ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்கக் கூசாத வாய், அடுத்தவன் வாய் பட்ட கிண்ணத்தைத் தொடக் கூசிற்று.

அதே 1833-இல் லண்டனிலே இன்னொரு கணக்கு. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிற்று. இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு என்கிறீர்கள்? முதுகில் சாட்டைத் தழும்பு ஏந்தியவனுக்கா? இல்லை, சாட்டையை வைத்திருந்தவனுக்கு! அந்தப் பணத்துக்காக அரசு வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் அடைந்தது. அடிமைக்கு ஒரு காசும் இல்லை. பணம் பெற்றவர்களில் சுவிசேஷம் பரப்ப ஏற்பட்ட ஆங்கிலச் சங்கமும் ஒன்று. பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் தோட்டம் அவர்கள் உடைமை. அங்கே ஒரு காலத்தில் அடிமைகளின் மார்பில் "சொசைட்டி" என்று சூடு போட்டார்கள். இதே சங்கம் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் பள்ளிகள் நடத்தியது. அவற்றில் எழுத்தறிவு பெற்று நிமிர்ந்த குடும்பங்கள் பல. இரண்டும் உண்மை; ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நாம் ஒப்போம்.

2006-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் இதற்காக மன்னிப்புக் கோரிற்று. தனது பழைய நிதியொன்று அடிமைகளை ஏற்றிச்சென்ற தென்கடல் கும்பினியில் முதலீடு செய்திருந்ததை ஆராய்ந்து வெளியிட்டு, 10 கோடி பவுன் ஒதுக்குவதாக 2023-இல் அத்திருச்சபையின் ஆணையர்கள் அறிவித்தனர். சகேயுவின் வழி, காலங்கடந்தேனும்! கல்லூரித் தோழர் இச்செய்தியை மகிழ்ச்சியோடு நமக்கு எழுதியிருந்தார். திருப்பிக் கொடுப்பதென்றால் உரியவனைக் கண்டுபிடிக்கவேண்டுமே, அதற்கு வழி என்ன என்று பதிலெழுதியிருக்கிறோம். நியூட்டனின் கப்பற் குறிப்பைப் புரட்டினால், கடலில் இறந்து வீசப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வரும் இடங்களில் பெயர் இல்லை. ஆண் அடிமை, பெண் அடிமை என்ற சொல்லும், பக்கத்தில் ஓர் எண்ணுமே உள்ளன.