25,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா, அண்ணனின் கர்ணனுக்காக



போன வாரம் பெரியண்ணன் கர்ணன் வேஷத்தில் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. கூத்தைப் பற்றி விசாரித்தவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் "டீச்சர், அது என்ன கேமரா, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டீர்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவர்களும் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

எதை வாங்கினேன் என்பதற்கு முன்னால் எதற்காக வாங்கினேன் என்று சொல்லவேண்டும். அது தெரியாமல் கேமரா பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போனால் உங்களுக்குப் பயன்படாது.

அண்ணனுக்கு இப்போது 71 வயது. இருபது வயதுக்கு முன்பே கூத்துக்குப் போனவர். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து உறவுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தெருக்கூத்தில் கர்ணன், துரியோதனன் மாதிரி ராஜா வேஷங்களைக் கட்டை வேஷம் என்பார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, மேலே கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியது. லேசான மரம்தான். ஆனாலும் அத்தனையும் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு ராத்திரி முழுக்கச் சுழன்று ஆட முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே. தை மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், "பாப்பா, இந்தச் சித்திரையோட கட்டைய எறக்கி வெச்சிட்றேன். அப்புறம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல உக்காந்து பின்பாட்டு பாடிக்கினு இருக்கேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

அண்ணன் வேஷத்தில் இருக்கிற மாதிரி அந்த வீட்டில் ஒரே ஒரு படம்தான் உண்டு. முப்பது, முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு யாரோ ஸ்டுடியோக்காரர் ஃபிளாஷ் அடித்து எடுத்தது. அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும். கிரீடத்துக் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து படம் முழுக்க வெள்ளைப் பொட்டு. பின்னால் ஒன்றுமே தெரியாது. ஒரு ஓரத்தைச் செல் அரித்துவிட்டது. இத்தனை வருஷம் ஆடிய மனிதருக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஆக, எனக்கு வேண்டியது இதுதான்: இரவில், ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஆளை, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கவேண்டும். வாய்ப்பு ஒரே ஒரு ராத்திரி. பென்ஷனில் சேர்த்து வைத்திருந்தது 25,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, மகனிடமும் கேட்கமாட்டேன்.

மகன் பெங்களூரிலிருந்து, "எதுக்கும்மா கேமரா? உன் போன்லயே நைட் மோடு இருக்கே" என்றான். நியாயமான கேள்வி. போன் கேமராவைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பேத்தி பிறந்தநாளுக்கும் கோயில் கோபுரத்துக்கும் அது தாராளம். ஆனால் இருட்டில் போன் என்ன செய்கிறது என்றால், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாமல் நிற்கும் கோபுரத்துக்கு அது சரி. சுழலுகிற ஆளுக்குச் சரிவராது. சோதித்தே பார்த்தேன். மாசி மாதம் பக்கத்து ஊர்க் கூத்தில் போனில் பத்துப் படம் எடுத்தேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்.

அடுத்து ஒரு கடைக்குப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கிருந்த தம்பி என் நரைமுடியைப் பார்த்ததுமே, "உங்களுக்கு ஈஸியா இதான் மேடம்" என்று ஒரு பெரிய ஜூம் கேமராவை எடுத்து வைத்தார். நிலாவில் இருக்கும் பள்ளம்கூடத் தெரியுமாம். உண்மைதான், தெரியும். எனக்கு நிலாவா வேண்டும்? "ராத்திரியில ஆடறவங்களை எடுத்தா எப்படி வரும் தம்பி?" என்றேன். "மெகாபிக்சல் ஜாஸ்தி மேடம், சூப்பரா வரும்" என்றார். கேட்டதற்கு வந்த பதில் அதுவல்ல. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கேமராவுக்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. மழைக்கு வைக்கிற பாத்திரம் மாதிரி. வாய் அகலமான அண்டாவில் அதிகத் தண்ணீர் விழும், டம்ளரில் கொஞ்சம்தான் விழும். அந்த மாதிரிப் பெரிய ஜூம் கேமராக்கள் பலவற்றில் சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு துவரம்பருப்பு அளவு. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் 22-க்கு 15, ஒரு சின்னத் தபால்தலை அளவு. பெருக்கிப் பாருங்கள். 27 எங்கே, 330 எங்கே! பன்னிரண்டு மடங்கு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கேமராவும் ஒரே பருமன்தான்.

மெகாபிக்சலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 12-க்கு 8 இஞ்ச் படத்தை இஞ்சுக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 3600-ஐ 2400-ஆல் பெருக்கினால் போதும். 86 லட்சம் புள்ளி, ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. பத்து வருடத்துக்கு முந்தைய கேமராவிலேயே 18 இருக்கிறது. இதற்கு மேல் அந்த எண்ணைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

ஆரணியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனைத்தான் கடைசியில் தேடிப் போனேன். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு என்றாலே அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். (இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான்.) அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "டீச்சர், பாடி பழசா இருந்தாலும் பரவால்ல, லென்ஸுக்குக் காசு போடுங்க" என்றான். லென்ஸின் ஓட்டை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதற்கு எஃப் 1.8, எஃப் 5.6 என்று எண் போட்டிருப்பார்கள். எண் சின்னதானால் ஓட்டை பெரியது. "எப்படிடா?" என்றேன். "ஒன்னுக்குக் கீழ ரெண்டு பெருசா, ஒன்னுக்குக் கீழ எட்டு பெருசான்னு நீங்கதான டீச்சர் கேப்பீங்க? அதேதான்" என்றான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற 18-55 லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு வந்துவிடும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூம் கிடையாது. கிட்டே வரவேண்டுமானால் நாம்தான் எழுந்து நடக்கவேண்டும். கூத்தில் முன்வரிசைப் பாயில் இடம் பிடிக்கிற எனக்கு அது குறையே இல்லை. ஒரு பதினெட்டு அடி தூரத்திலிருந்து கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கிரீடத்திலிருந்து சலங்கை வரை அடங்கிவிடுகிறது.

அவன் மூலமாகவே பழைய கேமரா ஒன்று வந்தது. கேனான் 1300டி, 2016-இல் வெளிவந்த மாடல். பழசு வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது சீக்கிரம் வரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16 வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது. அது துடைக்கக்கூடியது, விலையில் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். கார்டு போடும் இடத்தில் ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண வீடுகளில் ஓடிய கேமராவா, பீரோவில் தூங்கிய கேமராவா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன். காலேஜில் சேர்ந்த பையனுக்கு வாங்கிக் கொடுத்ததாம், அவன் நாலு டூருக்கு எடுத்துக்கொண்டு போனதோடு சரியாம். ரப்பர்ப் பிடி தேயாமல் இருந்தது. நம்பினேன்.

நிக்கான் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவும் நல்ல கேமராதான். ஆனால் அவர்களுடைய மலிவு வரிசையான 3000, 5000 மாடல்களுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கவேண்டும். பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் ஒவ்வொரு தடவையும் கையால் திருகவேண்டியதுதான்.

கணக்கு இதோ: கேமராவும் 18-55 லென்ஸும் 14,000. 50 மி.மீ. லென்ஸ், அதுவும் பழசுதான், 6,500. இன்னொரு பேட்டரி 900, ஏனென்றால் கூத்து பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிறவரை நடக்கும், நடுவில் சார்ஜ் போட வழியில்லை. 64 ஜி.பி. கார்டு 600. இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் உள்ளே போட சிலிக்கா ஜெல்லும் 300. மொத்தம் 22,300. மீதி 2,700 ரூபாயைப் பிரிண்ட் போட எடுத்து வைத்தேன். இந்தக் கடைசி வரியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கார்டிலேயே கிடந்து அழிந்த படங்கள் எத்தனை வீட்டில்!

பங்குனி முழுக்கப் பயிற்சி. டியூப்லைட் வெளிச்சத்தில் பேத்தியைத் திண்ணையில் ஓடவிட்டு எடுத்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஷட்டரை வேகமாக வைத்தால் சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. நம் கரண்டு விநாடிக்கு 50 சுற்று. அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/100 விநாடி வைத்தால் பட்டை வருவதில்லை. ஆனால் சுழலுகிற ஆளுக்கு 1/100 மெதுவானது. கை, கால் எல்லாம் கலங்கிவிடும்.

இதற்கு வழி கேமராவில் இல்லை, கூத்தில் இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே, தாளம் முடிகிற இடத்தில் அண்ணன் ஒரு கண நேரம் அப்படியே நிற்பார். நெஞ்சு நிமிர்ந்து, கண் உருட்டி, ஒரு மூச்சு விடும் நேரம்தான். எந்த அடவுக்கு அப்புறம் அந்த நிறுத்தம் வரும் என்று எனக்கு மனப்பாடம். சித்திரையில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் அன்று, மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டே விரலை வைத்திருந்தேன். எஃப் 2.2, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/100. மணல்மணலாக வரும், வரட்டும்.

திரைக்குப் பின்னாலிருந்து முதலில் கிரீடம் மட்டும் தெரிந்தபோது கை நடுங்கியது உண்மை. பிறகு சரியாகிவிட்டது. பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடம் வந்தபோது மணி மூன்று இருக்கும். அந்தப் பாட்டை இழுத்துப் பாடிவிட்டுத் திரும்பினார். முட்டி வலி முகத்தில் தெரிந்தது. அது கர்ணன் வலியா, அண்ணன் வலியா என்று பார்த்தவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் நீங்கள் பார்த்த படத்தை எடுத்தேன். விடியற்காலையில் கர்ணன் சாய்ந்தபோது வானம் வெளுத்துவிட்டது. விளக்கே தேவைப்படவில்லை, ஷட்டரை 1/250-க்கு ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து எண்ணினால் 640 படம். ஃபோகஸ் தவறியது, கண் மூடியது, குறுக்கே கட்டியக்காரன் வந்தது எல்லாம் போக 41 தேறின. பன்னிரண்டை 12-க்கு 8 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இந்த எடது புஜக்கட்டை ஒரு விரக்கடை எறங்கி நிக்குது பாரு. எவன் கட்னான் இத?" என்று சத்தம் போட்டார். அண்ணி ஒன்றும் பேசவில்லை. செல்லரித்த பழைய படத்தை ஆணியிலிருந்து கழற்றித் துடைத்து பீரோவுக்குள் வைத்தார், ஆணி இப்போது காலியாக இருக்கிறது. சட்டம் போட ஒரு படத்தை ஆரணிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

கேமரா டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. நம் பக்கத்தில் யார் வீட்டிலாவது தாத்தா, பாட்டி, கூத்து, கும்மி என்று எடுக்கவேண்டியது இருந்தால் வந்து வாங்கிப்போங்கள். வாடகை வேண்டாம். திருப்பித் தரும்போது பேட்டரியை சார்ஜ் போட்டுக் கொடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.