பாதித் தம்ளர் தண்ணீர்

காலை எட்டேகால். திருச்சி தில்லைநகரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையின் கூடம். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்தவர்கள் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி நாற்காலிகளுக்குத் திரும்புகிறார்கள். இனிச் சாப்பிடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். நான் துணைக்கு வந்தவன். கையில் நாளிதழ் இருக்கிறது, படிக்கவில்லை.

டிபன் டப்பாக்கள் திறப்பதற்கு முன் ஒரு சின்ன நடமாட்டம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஒதுக்கிடம் தேடுகிறார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மாடிப்படித் திருப்பம்வரை போய் நிற்கிறார். மேலிருந்து ஊழியர் ஒருவர் இறங்கி வரவும் தூக்கிய சட்டையை இறக்கிவிட்டுச் செல்போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார். ஊழியர் போன பிறகு மறுபடி சட்டை மேலேறுகிறது. பட்டுக்கரைச் சேலை கட்டிய அம்மாள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார். அலுவலகம் போகும் தோரணையில் வந்த ஒருவர் பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுகிறார். பால்போல் கலங்கலான மருந்து அது, உருட்டினால்தான் சீராகக் கலக்கும். சும்மா யோசித்துக்கொண்டே உருட்டுகிறவர்போல் முகத்தை வைத்திருக்கிறார். மருந்து கலந்ததும் தூணுக்குப் பின்னால் போகிறார்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவருக்கு மருமகள்தான் எல்லாம். சில்வர் பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகள், அவற்றின் நடுவே பாலித்தீன் உறையில் சுற்றிய குப்பி. சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை இழுத்து, விரல் நுனியால் சுண்டிக் குமிழை வெளியேற்றிவிட்டு, “மாமா, சட்டையத் தூக்குங்க” என்கிறாள். பெரியவர் உடனே தூக்கவில்லை. இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். நான் நாளிதழுக்குள் போய்விடுகிறேன்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இப்போதைய பேனா ஊசி நான்கு மில்லிமீட்டர் நீளம்தான், உள்ளே போவதே தெரியாது என்கிறார்கள். ஆனால் குத்துவதற்கு முன்னால் அத்தனை பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். “ஊசிக்கு மாத்திட்டாங்களா?” என்று நம் ஊரில் கேட்கும்போது அந்தக் குரலில் பாதித் துக்கம் விசாரிக்கும் தொனி இருக்கும். மாத்திரைவரை நோய், ஊசி என்றால் முற்றிப்போனது என்று யாரோ எப்போதோ கோடு கிழித்துவிட்டார்கள். இன்சுலின் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து என்று மருத்துவர்கள் எத்தனை சொன்னாலும் அந்தக் கோடு அழியவில்லை.

சுற்றுமுற்றும் பார்க்காதவள் ஒருத்திதான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பெண், பள்ளிச் சீருடை. உட்கார்ந்த இடத்திலேயே மேல்சட்டையை இரண்டு விரல் அகலம் ஒதுக்கிக் குத்திக்கொண்டு, பத்து எண்ணி, ஊசியை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாதத்தைத் திறந்துவிட்டாள். சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை குத்திக்கொள்கிறவளுக்கு மாடிப்படித் திருப்பம் கட்டுப்படியாகாது.

மணப்பாறைப் பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வழியாகப் போன நர்ஸை நிறுத்திக் கேட்கிறார்: “இதையெல்லாம் மாத்திரையா தரமாட்டாங்களாம்மா?”

“வந்துகிட்டே இருக்குங்க ஐயா.”

வந்துகொண்டேதான் இருக்கிறது, நூறு வருடமாக. 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரண்டோவில் லியனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். மூன்றே வருடத்தில், 1925-இல், ஜெர்மனியில் கேன்ஸ்லன் என்ற மருத்துவர் இன்சுலினை மூச்சில் இழுக்க வைத்துச் சோதித்து எழுதினார். ஊசியைப் பார்த்த அன்றே அதைத் தவிர்க்கும் யோசனையும் பிறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

விழுங்கும் வழியில் தடை எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தக் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அடுத்த நாற்காலிக்காரர் இட்லி மேல் ஊற்றும் சாம்பாரிலுள்ள பருப்பிலும் புரதம் இருக்கிறது. வயிற்றுக்கு அது வேறு இது வேறு இல்லை. அமிலத்தில் ஊறவைத்து, பெப்சினால் நறுக்கி, குடலில் டிரிப்சினிடம் ஒப்படைத்துவிடும். தப்பித்தவறி ஒரு துளி முழுதாக மிஞ்சினாலும் குடற்சுவரைத் தாண்ட முடியாத பெரிய மூலக்கூறு அது. பெங்களூருவின் பயோகான் பல ஆண்டுகள் இதில் மல்லுக்கட்டியது. இஸ்ரேலின் ஓராமெட் நிறுவனத்தின் காப்ஸ்யூல் 2023 ஜனவரியில் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கதை இன்னும் விநோதம். அவர்களின் இன்சுலின் மாத்திரை எட்டு வாரச் சோதனையில் ஊசிக்கு ஈடாகவே சர்க்கரையை இறக்கியது. 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் அந்த ஈட்டை எட்ட ஊசியில் போடுவதைப்போலப் பல மடங்கு இன்சுலினை விழுங்க வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மருந்தைத் தயாரித்து விற்றுக் கட்டுப்படியாகாது என்று அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

மூச்சு வழி கொஞ்சம் நல்ல வழி. நுரையீரலின் காற்றறைகளை விரித்துப் பரப்பினால் எழுபது சதுர மீட்டருக்குக் குறையாது. சுவர் மெலிது, அதை ஒட்டியே ரத்தம் ஓடுகிறது. தூளின் துகள் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், மிகச் சிறிதானால் வெளிமூச்சோடு போய்விடும். ஃபைசர் நிறுவனம் இதைச் சாதித்து, எக்ஸுபெரா என்ற பெயரில் 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. 2007 அக்டோபரில் கடையைக் கட்டியது. நஷ்டக் கணக்கில் எழுதிய தொகை 280 கோடி டாலர். மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. விலை அதிகம், நுரையீரல் பரிசோதனை வேண்டும், யூனிட்டுக்குப் பழகியவர்களுக்கு மில்லிகிராம் கணக்குக் குழப்பம். இவற்றோடு, அந்தக் கருவியை விரித்தால் டார்ச் லைட் மாதிரி ஏறக்குறைய ஓரடி நீளம்.

படித்திருப்பத்தில் நின்றவரின் கையில் அதைக் கொடுத்துக் கற்பனை செய்து பார்க்கிறேன். விரல்களுக்குள் மறைத்த பேனாவுக்கே அவர் மாடிப்படி ஏறினார்.

அதன் பிறகு ஆல்ஃபிரட் மான் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொண்டுவந்த அஃப்ரெஸ்ஸா, விசில் அளவுதான், உள்ளங்கைக்குள் அடங்கும். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் விற்க 2024 டிசம்பரில் சிப்லாவுக்கு அனுமதி கிடைத்தது. சாப்பாட்டுக்கு முன் ஓர் இழுப்பு. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடாது, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் கூடாது, புகைப்பவர்களுக்கும் உகந்ததல்ல. முதல் வகைக்காரர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை இதோடு சேர்த்து ஊசியாகவே போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ந்த பிறகு சீருடைப் பெண்ணுக்கு நான்கில் மூன்று குறையலாம், நான்காவது போகாது. மணப்பாறைப் பெரியவரின் சட்டைப்பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்கிறது. அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் லாங்கர், ஜியோவான்னி டிராவெர்ஸோ குழுவினர் 2019-இல் ஒரு காரியம் செய்தார்கள். ஊசியையே விழுங்க வைத்தார்கள். பட்டாணி அளவுக் காப்ஸ்யூல், உள்ளே உலர்த்தி அழுத்திய இன்சுலினாலேயே செய்த முனை. ஆப்பிரிக்கச் சிறுத்தை ஆமையின் ஓட்டைப் பார்த்து வடிவம் எடுத்தார்கள். எப்படிப் புரட்டிப்போட்டாலும் நிமிர்ந்துகொள்ளும் ஓடு அது. வயிற்றின் தரையில் காப்ஸ்யூல் நிமிர்ந்து உட்கார்ந்ததும் ஒரு சர்க்கரைத் தகடு கரைகிறது, தகடு பிடித்துவைத்திருந்த சுருள்வில் விடுபட்டு முனையைச் சுவரில் இறக்குகிறது. வயிற்றின் உள்சுவருக்குக் குத்தும் வலி தெரியாது. பன்றிகளிடம் வேலை செய்தது. சர்க்கரை நோய்க்கான ஊசிக்குச் சர்க்கரையையே காவல் வைத்த குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. யாருடைய கண்ணிலும் படாத ஊசி இது என்பதும்.

கூடத்தின் மூலையில் ஆலோசகர் மேசை. ஓய்வுபெற்ற ஆசிரியர்போல் ஒருவர், பக்கத்தில் மனைவி. இவருக்கு இன்சுலின் இல்லை, வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இன்று செமாக்ளுடைட் மாத்திரைக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதுவும் புரத வகையைச் சேர்ந்த சங்கிலிதான். வயிற்றில் சிதையாமல் காப்பாற்ற ஸ்நாக் என்றொரு துணைப்பொருளை 300 மில்லிகிராம் சேர்த்திருக்கிறார்கள். மாத்திரை வயிற்றுச் சுவரில் ஒட்டிக் கரையும்போது அது அந்த இடத்தின் அமிலத்தை மட்டும் தணித்து மருந்தை உள்ளே நழுவவிடுகிறது. அப்படியும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவே. ஊசியாக வாரத்துக்கு அரை அல்லது ஒரு மில்லிகிராம் போதும். மாத்திரையில் முழு அளவு நாளுக்கு 14, வாரத்துக்கு 98. இதையெல்லாம் மேசைப் பெண் சொல்லவில்லை. அவள் சொல்வது வேறு.

“காலைல எழுந்ததும் வெறும் வயித்துல சார். பாதித் தம்ளர் தண்ணி, 120 மில்லிக்கு மேல வேண்டாம். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் கூடாது.”

“காபி?”

“காபியும் கூடாது சார்.”

“சர்க்கரை போடாம?”

“தண்ணியே கூடாதுங்க சார்.”

அவர் சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கத்தில் சலுகை ஏதாவது எழுதியிருக்கக்கூடும் என்பதுபோல. “வாரத்துக்கு ஒரு தடவை குத்திக்கிட்டா முடிஞ்சுது. இது தினம் அரை மணி நேரம் இல்ல?” மேசைப் பெண் சிரிக்கிறாள். ஊசியே இருக்கட்டும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அஞ்சரைக்குப் போட்டுக்குங்க” என்கிறார் மனைவி. “பால்காரரே ஆறு மணிக்குத்தான் வர்றாரு. ஊசின்னா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேரப்புள்ளைங்க வந்திருக்கறப்ப கதவச் சாத்திக்கிட்டு இருக்கீங்க.”

அவர் பதில் பேசவில்லை. எழுந்து மருந்துக் கவுண்டருக்குப் போகிறார், மனைவி பின்னால். கவுண்டர்ப் பையன் மூன்று அட்டைகளை எடுத்துவைத்துக் கால்குலேட்டரைத் தட்டி அவர் பக்கம் திருப்புகிறான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் படிக்கிறார். மனைவியும் எட்டிப் பார்க்கிறார்.

“ஒரு அட்டை போதும்ப்பா” என்கிறார். “பத்து நாள் பார்க்கிறேன்.”